பங்கு போடத் தோதான எண்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் கோபுரம் பார்ப்பார்கள். பட்டுப் புடவை வாங்குவார்கள். 1889-இல் பெரியம்மை கண்டு பிழைத்த ஒரு குழந்தை, தாயார் கோமளத்தம்மாளுடன் இந்த ஊருக்குத் தாத்தா வீட்டுக்கு வந்து சில காலம் வளர்ந்ததை யாரும் நினைப்பதில்லை. குழந்தையின் பெயர் ராமானுஜன். தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அது எண்ணக் கற்றது என்று எழுதிவிட என் கை துறுதுறுக்கிறது. சரித்திரக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன்.

ஆனால் நெசவுத் தொழிலின் பழைய கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 120 இழை சேர்ந்தது ஒரு புஞ்சம். கம்பெனிக் காலத்தில் சோழமண்டலக் கரைத் துணியின் தரத்தைப் புஞ்சக் கணக்கில்தான் பேசினார்கள். நூறு என்று வைத்தால் என்ன குறைந்து போயிற்று? குறையத்தான் செய்கிறது. 100-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் ஒன்பதே. 120-ஐ வகுப்பவை பதினாறு. 120-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது.

இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகப் பங்குக்கு இசைகிற எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். யுத்த காலம், சங்கத்திடம் பணம் இல்லை. கட்டுரையில் ஒரு பகுதி அச்சேறவில்லை. அப்படியும் அறுபது பக்கத்துக்கு மேல். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத அவருக்குக் கேம்பிரிட்ஜ் 1916-இல் இதற்காகவே பி.ஏ. பட்டம் கொடுத்தது.

இண்டர்மீடியட்டோடு கணக்குக்குக் கும்பிடு போட்ட எனக்கே புரிகிற சங்கதி ஒன்று அதில் உண்டு. இந்த எண்களை 2, 3, 5, 7 என்று பகா எண்களாகப் பிரித்தால், பந்தி ஒழுங்கு தெரிகிறது. நடுவில் எந்த இலையும் காலியில்லை. முன் இலையில் விழுந்ததைவிடப் பின் இலையில் அதிகம் விழுவதில்லை. கடைசி இலைக்கு ஒரே கரண்டிதான். 4, 36 இரண்டு மட்டும் விலக்கு.

கட்டுரையில் ஒரு பட்டியலும் இருக்கிறது. இயந்திரத்தின் துணையின்றி, 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரைக்கும் போகிறார்! அதில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்று: 293318625600. இதைப் பெரிய குற்றமாகச் சொல்கிறவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

விட்டுப்போனது சாமானிய எண்ணும் அல்ல. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. இவற்றைப் பெருக்கினால் அது வரும். அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் சரியாக 5040. கிரேக்க ஞானி பிளேட்டோ தம்முடைய லட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்றார். நிலத்தையும் வரியையும் எப்படிப் பங்கிட்டாலும் தகராறு வராது என்பது அவர் கணக்கு. அந்த 5040-ம் இந்த ஜாதி எண்தான். அதற்கு வகு எண்கள் அறுபது.

ராமானுஜனுடைய பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். விட்டுப்போன எண் மீதியில்லாமல் வந்து நிற்கும்.