அநாதைப் பிள்ளைகளின் கல்வியும் அக்கரைக் காணிக்கையும்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

சூளகிரியிலிருந்து நெடுஞ்சாலை வழியே தென்கிழக்கே சென்றால் எதிர்ப்படும் கிருஷ்ணகிரியில், 1895-ஆம் ஆண்டு, அமெரிக்க மிசூரி லுத்தரன் சபையின் முதல் இந்திய ஊழியத்தைத் தியடோர் நேத்தர் என்பார் தொடங்கினார். கடல் கடந்த சபையார் ஞாயிறுதோறும் இட்ட காணிக்கை, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப்புறத்தின் வறிய பிள்ளைகளுக்கு எழுத்தறிவாக மாறிய வரலாறு இப்பகுதியில் அவரிடமிருந்தே தெளிவாகப் புலப்படுகிறது. ஆயினும் அவ்வழக்கம் அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மூத்தது.

ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆகஸ்டு ஹெர்மன் ஃபிராங்கே 1695-இல் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தோற்றுவித்து, 1698-இல் அநாதை விடுதிக்கு அஸ்திவாரமிட்டார். அவரிடம் பயின்ற சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் கால்வைத்த மறு ஆண்டே பள்ளிகளைத் திறந்து, உணவும் உடையும் மிஷன் செலவிலேயே அளித்தபோது, ஹாலேயின் மாதிரியே தமிழ்நாட்டில் வேரூன்றிற்று. 1710 முதல் அச்சேறிய ஹாலே அறிக்கைகள், தரங்கம்பாடிப் பிள்ளைகளின் நிலையை ஐரோப்பிய வாசகர்க்கு எடுத்துரைத்து, அவர்தம் உதாரத்துவத்தைத் தூண்டின. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே கடிதமும் அறிக்கையும் நின்று உறவு வளர்க்கும் முறை இவ்வாறு அன்றே நிலைபெற்றது. எனினும் அக்கொடை பள்ளி முழுவதற்கும் உரியதாயிருந்ததேயன்றி, இன்ன பிள்ளைக்கு இன்னார் என்னும் நியமம் பெரிதும் அமையவில்லை.

அந்நியமத்தை விரிவாகக் காண யாழ்ப்பாணத்துக்குச் செல்லவேண்டும். 1816-இல் அங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார், தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் விடுதிப் பள்ளிகளை நிறுவி, ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்கும் அமெரிக்கரின் விருப்பப்படி அப்பிள்ளைக்குப் பெயரிடும் வழக்கத்தைக் கொண்டனர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823-இலும் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளி 1824-இலும் எழுந்தன. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என ஈழத்துப் பேரறிஞர் பெயர்களின் முன்னே அந்நியப் பெயர்கள் நிற்பது அக்காலத்தின் சுவடேயாகும். அவர்களுள் விசுவநாதபிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். சதாசிவம்பிள்ளையோ 1886-இல் பாவலர் சரித்திர தீபகத்தை இயற்றித் தமிழுக்குத் தொண்டு செய்தார். இத்தகைய பலனை விளைத்த ஏற்பாட்டை இகழ எவர்க்கும் மனம் வாராது. ஆனால், தாய்தந்தையர் இட்ட பெயரின்மேல் பிறர் பெயரைச் சுமத்தி, பிள்ளையின் நன்றியைப் பொருளுக்கு ஈடாகக் கேட்பது தருமத்துக்கு ஒவ்வாதது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, அன்று சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த ஓசூர், கிருஷ்ணகிரித் தாலுக்காக்களும் தப்பவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக மாகாணமெங்கும் விடுதிகள் பெருகின. திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தில் கனோன் மர்காஷியஸ் 1878-இல் கைத்தொழிற் பாடசாலை தொடங்கி, தச்சும் தையலும் கற்பித்தது பிள்ளையை வாழ்நாள் யாசகனாக்காத ஞானமுள்ள செயல். 1901 முதல் டோனாவூரில் பெண் குழந்தைகளை ஏந்திய ஏமி கார்மைக்கேல், எவரிடமும் பொருள் யாசிப்பதில்லை என்ற விரதத்தை 1951-இல் மறையுமட்டும் காத்தார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அக்கரையிலிருந்து பிள்ளைகளைத் தாங்கும் இவ்வழக்கம் பெரிய ஸ்தாபனங்களின் கைக்கு மாறிற்று. கொரியாவின் யுத்த அநாதைகளுக்காக 1952-இல் எவரெட் ஸ்வான்சன் தொடங்கிய பணியே கம்பேஷன் இன்டர்நேஷனலாக வளர்ந்தது. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1959-இல் எழுந்த கிண்டர்நோட்ஹில்ஃபே, இந்தியப் பிள்ளைகளுக்காகவே பிறந்தது. தமிழ்நாட்டுச் சபைகள் நடத்திய விடுதிகளில் 'ஸ்பான்சர் பிள்ளை' என்பது வழக்குச் சொல்லாயிற்று. அயல்நாட்டுக் கொடைச் சட்டம் இறுகியபோது, 2017 மார்ச்சில் கம்பேஷன் இந்தியாவை விட்டு நீங்க, 1,40,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ஆதரவு ஒருங்கே அற்றது. சட்டத்தின் நியாய அநியாயம் எவ்வாறாயினும், ஒரு பிள்ளையின் சோறும் புத்தகமும் தொலைதேசத்து ஒற்றை மூலத்தைச் சார்ந்திருத்தலின் அபாயத்தை அந்நிகழ்ச்சி நிரூபித்துவிட்டது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்காமலே பொருளுதவி செய்யும் ஏற்பாட்டை வகுத்திருப்பது இத்திசையில் நல்ல மாற்றமாகும்.

இன்று சூளகிரியைச் சுற்றித் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. ஓசூர்ச் சபைகளில் மாதச் சம்பளம் பெறுவோர் பலர். முந்நூறு ஆண்டுகளாக அக்கரைக் காணிக்கையால் கற்ற சமூகம், தன் தெருவிலுள்ள பிள்ளைக்குத் தானே உபகாரியாக வேண்டிய காலம் இது. ஆதலால் இவ்வட்டாரத்துச் சபையார், இந்தக் கல்வியாண்டிலேயே, தந்தையையோ தாயையோ இழந்த ஒரு பிள்ளையைத் தேர்ந்து, அதன் பெயரையும் தாய்மொழியையும் மாற்றாமல், விசுவாசத்தை நிபந்தனையாக்காமல், பள்ளிப் படிப்பு முடியுமளவும் தாங்க முன்வருமாறு வேண்டுகிறேன்.