நாட்மச்: தேடல்வழி மின்னஞ்சல் நிரல்

நாட்மச் என்பது கணினியில் சேமித்துள்ள மின்னஞ்சல்களுக்குச் சொல்லடைவு தயாரித்து, அவற்றைத் தேடவும் குறிச்சொல் இட்டுக் கையாளவும் உதவும் கட்டற்ற மென்பொருள். கெய்ரோ என்ற வரைகலை நூலகத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய கார்ல் வொர்த் 2009இல் இதைத் தொடங்கினார். தேடும் வேலையை ஸேப்பியன் என்ற தேடல் நூலகம் செய்கிறது. குனு பொது உரிமத்தின் 3ஆம் பதிப்பின்கீழ் இது வெளியாகிறது; பெரும்பாலும் லினக்ஸ் பயனர்களிடையே புழங்குகிறது.

இதன் வேர் ஜிமெயிலில் இருக்கிறது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடத்துடன் வந்தபோது மற்ற இலவசச் சேவைகள் ஒருசில எம்பி மட்டுமே தந்துகொண்டிருந்தன. அஞ்சலை அழித்து இடம் பண்ண வேண்டிய கட்டாயம் போயிற்று. சேர்ந்ததில் வேண்டியதைக் கண்டெடுப்பது பெரிய வேலையானது. அழிக்காமல் சேர்த்துவைத்துத் தேடி எடுக்கும் இந்த முறையை முனையத்துக்குக் கொண்டுவந்தது வில்லியம் மார்கன் ரூபி மொழியில் எழுதிய சப் என்ற அஞ்சல் நிரல். பெரிய அஞ்சல்பெட்டியை அது முதன்முறை உள்வாங்க அதிக நேரம் பிடித்ததால், அந்தப் பகுதியைச் சி மொழியில் எழுதிப் பார்க்கத் தொடங்கினார் வொர்த். அதுவே தனி நிரலாக வளர்ந்தது.

நாட்மச் அஞ்சலை வழங்கியிலிருந்து இறக்காது, அனுப்பவும் செய்யாது. இறக்குவதற்கு எம்பிசிங்க், ஆஃப்லைன்ஐமேப் போன்ற வேறு நிரல்கள் உண்டு. அவை ஒவ்வோர் அஞ்சலையும் தனிக்கோப்பாக வட்டில் வைக்கின்றன. புதிதாக வந்த கோப்புகளை மட்டும் படித்து நாட்மச் தன் அடைவில் சேர்த்துக்கொள்கிறது. புதிய அஞ்சலுக்கு ‘உள்பெட்டி’, ‘படிக்காதது’ என்ற பொருள் தரும் குறிச்சொற்கள் தாமாகவே விழும். அதற்குமேல் எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் இடலாம். அலுவலகச் சுற்றுலாவுக்கான ரசீது ‘அலுவலகம்’, ‘பயணம்’, ‘கணக்கு’ மூன்றிலும் இருக்கலாம். கோப்புறையில் போடுவதென்றால் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆறு மாதம் கழித்து எதைத் தேர்ந்தோம் என்பது மறந்திருக்கும்.

பயனர்கள் முதலில் சொல்வது வேகம். லட்சக்கணக்கான அஞ்சல்கள் உள்ள பெட்டியிலும், அனுப்பியவர் பெயர், இணைப்புக் கோப்பின் பெயர், தேதி வரம்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்டால் நொடிப்பொழுதில் விடை வந்துவிடும். ‘நேற்று’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே தேதியாகத் தரலாம். விடை தனி அஞ்சல்களாக வராமல் உரையாடல் இழைகளாக வரும். இழையைத் திறந்தால் தேடலுக்குப் பொருந்தியவை விரிந்தும் மற்றவை மடங்கியும் நிற்கும். அடிக்கடி கேட்கும் தேடலுக்குப் பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளலாம். ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பியில் இயங்கும் இடைமுகத்தின் முகப்பே இத்தகைய தேடல்களின் பட்டியல்தான், ஒவ்வொன்றின் அருகிலும் எண்ணிக்கையோடு. அங்கே இடைவெளி விசையை மட்டும் தட்டிக்கொண்டே போனால் பக்கம் நகரும், அடுத்த அஞ்சல் வரும், இழை முடிந்ததும் உள்பெட்டியிலிருந்து விலகிவிடும். மடற்குழுக்களில் நாளெல்லாம் புழங்கும் நிரலாளர்கள் இதில் ஒட்டிக்கொள்ள இந்த ஒரு விசையே போதுமான காரணம். ஈமேக்ஸ் பிடிக்காதவர்களுக்கு அலாட், நியோமட் ஆகிய அஞ்சல் நிரல்களும் உள்ளன.

குறைகளும் உண்டு. அமைப்பது எளிதல்ல, இறக்கும் நிரல், அனுப்பும் நிரல், இடைமுகம் என மூன்றையும் பயனரே கோத்துக்கொள்ள வேண்டும். குறிச்சொற்கள் அஞ்சலில் எழுதப்படாமல் அடைவில் இருப்பதால், படித்தது, பதிலளித்தது போன்ற சில நிலைகள் தவிர மற்றவை கைப்பேசிக்குப் போய்ச் சேர்வதில்லை. ‘அழித்தது’ என்று குறியிட்டாலும் கோப்பு வட்டிலேயே இருக்கும். நீக்குவது பயனர் பாடு.

தமிழில் தேடுவோருக்கு இன்னொரு சங்கடம். சொல்லின் விகுதியை நீக்கி வேர் காணும் வசதி ஆங்கிலத்தை ஒட்டி அமைந்தது. ‘சென்னை’ என்று தேடினால் ‘சென்னையில்’, ‘சென்னைக்கு’ என்றுள்ள அஞ்சல்கள் வரா. சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி இட்டால் வரும். ‘வீடு’ போன்ற சொல்லுக்கு அதுவும் உதவாது. ‘வீட்’ என்று நிறுத்தி நட்சத்திரம் இட்டு இன்னொரு முறை தேட வேண்டும்.

குறிச்சொற்கள் அனைத்தையும் எளிய உரைக்கோப்பாக வெளியே எடுக்கவும் திரும்ப ஏற்றவும் கட்டளைகள் உள்ளன. நிரலையே கணினியிலிருந்து நீக்கினாலும் அஞ்சல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். வேறு எந்த நிரலாலும் அவற்றைப் படிக்கலாம்.