ஒரு சிலையும் 22 நாட்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ரஷ்யாவின் மேற்கு எல்லையில், பால்டிக் கடலோரமாக எஸ்தோனியா என்றொரு நாடு இருக்கிறது. சனத்தொகை சுமார் 13 இலட்சம். எமது கிழக்கு மாகாணத்தில் வாழும் ஆட்களை விடக் குறைவு. சைபர் பாதுகாப்புக்கென்று தேசிய உபாயமார்க்கம் ஒன்றை உலகத்தில் முதலில் எழுதி வைத்த நாடுகளில் இந்தச் சின்ன நாடும் ஒன்று. அதை எழுத வைத்தது ஒரு சிலை.

தலைநகர் தல்லினின் மத்தியில் 1947இல் சோவியத் ஆட்சி ஒரு வெண்கலச் சிப்பாயை நிறுத்தியது. பக்கத்திலேயே சோவியத் வீரர்கள் சிலரின் கல்லறைகள். நாட்டில் ஏறத்தாழ நாலில் ஒருவர் ரஷ்ய வம்சாவளி. அவர்களுக்கு அந்தச் சிலை, ஹிட்லரின் படையைத் தோற்கடித்த பாட்டன்மாரின் நினைவு. எஸ்தோனியர்களுக்கோ 1991 வரை தங்கள் நாட்டை அமுக்கி வைத்திருந்த ஆட்சியின் அடையாளம். ஒரே சிலை, இரண்டு சரித்திரம். இது எமக்கு விளங்காத விசயமல்ல.

2007 ஏப்ரல் மாதம், பிரதமர் அன்ட்ருஸ் அன்சிப்பின் அரசாங்கம் அதை இராணுவ மயானத்துக்கு மாற்றும் வேலையைத் தொடங்கியது. 26ஆம் திகதி இரவு கலவரம் வெடித்தது. சிலையை உடைத்துவிட்டார்கள், கல்லறைகளையும் கிளறிவிட்டார்கள் என்று ரஷ்ய மொழி ஊடகங்களில் பொய்ச் செய்தி ஓடியது. கடைகள் உடைந்தன. ஓர் இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள்.

தெரு அடங்கியது. ஆனால் 27ஆம் திகதியே இன்னொரு பக்கம் தொடங்கிவிட்டது. பாராளுமன்றம், ஜனாதிபதி, அமைச்சுக்கள், பத்திரிகைகள் என்று ஒவ்வொரு இணையத்தளமாக விழத் தொடங்கின. யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை. ஒரு தபால் கந்தோருக்குள் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் நுழைந்து முத்திரை விலையை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றால் என்ன நடக்கும்? உண்மையாகக் கடிதம் போட வந்தவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதேதான் நடந்தது. முதலில் ரஷ்ய மொழித் தளங்களில் "இந்தக் கட்டளையைப் பிரதிபண்ணி உங்கள் கணினியில் போடுங்கள்" என்று எழுதி வைத்தார்கள். பிறகு, உரிமையாளருக்கே தெரியாமல் வைரஸ் புகுந்த கணினிகள் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஏவிவிடப்பட்டன.

உச்சம் வந்தது மே 9ஐ ஒட்டி, அதாவது ரஷ்யாவின் வெற்றி நாளில். மே 10 அன்று நாட்டின் மிகப் பெரிய வங்கி தன் இணையவழிச் சேவையை ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக மூடியது. இதை நாம் 2007இல் வாழ்ந்த வாழ்க்கையை வைத்து அளக்கக் கூடாது. நாம் அப்போது வங்கிப் புத்தகத்தோடு வரிசையில் நின்றோம். அவர்கள் அதே வருடம் மார்ச்சில் பாராளுமன்றத் தேர்தலுக்கே இணையத்தில் வாக்குப் போட்டுவிட்டார்கள். உலகில் முதல் தடவையாக. எல்லாவற்றையும் இணையத்தில் வைத்தவனுக்குத்தான் இணையம் நின்றால் மூச்சு நிற்கும்.

தாங்கிப் பிடித்தது யார்? 2006இல் தொடங்கிய கணினி அவசர உதவிக் குழு ஒன்று, அதாவது சேர்ட். (எமது இலங்கை சேர்ட் ஆரம்பித்ததும் அதே 2006இல்தான்.) அதன் தலைவர் ஹில்லார் ஆரெலைட் ஒரு முன்னாள் பொலிஸ்காரர். கையில் இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். ஆனால் வங்கிகளில், தொலைபேசிக் கம்பனிகளில், அரச திணைக்களங்களில் இருந்த பொறியியலாளர்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்திருந்தார்கள். இணைய வாக்களிப்புக்குத் தயாரானபோது சேர்ந்து வேலை செய்த பழக்கம் அது. கடிதம் எழுதி, அமைச்சின் அனுமதி வரும்வரை காத்திருக்காமல் நேரே தொலைபேசியை எடுத்தார்கள். தேவைப்பட்ட இடங்களில் வெளிநாட்டுப் போக்குவரத்தை வெட்டினார்கள். 22 நாட்களில் அலை ஓய்ந்தது.

ரஷ்ய அரசு பொறுப்பை மறுத்தது. விசாரணைக்கு உதவுமாறு எஸ்தோனியா கேட்டதற்கும் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் தண்டிக்கப்பட்டது ஒரேயொருவர்: பிரதமரின் கட்சித் தளத்தைத் தாக்கிய, எஸ்தோனியாவிலேயே வாழும் ரஷ்ய வம்சாவளி மாணவர் ஒருவர். 17,500 குரோன் தண்டம். அந்த மாணவனைத்தான் நான் கனநேரம் யோசித்தேன். வெளியிலிருந்து வந்த தாக்குதல் என்கிறோம், பிடிபட்டதோ வீட்டுப் பிள்ளை. தன் நாட்டிலேயே தன் நினைவுக்கு இடமில்லை என்று நினைக்கும் பிள்ளையை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. எஸ்தோனியாவின் உபாயமார்க்கத்தில் எனக்குத் தெரியும் பெரிய ஓட்டை இதுதான். அதை ஒரு தொழில்நுட்ப ஆவணத்தால் அடைக்கவும் முடியாது.

சரி, அந்த ஆவணத்துக்கு வருவோம். ஒரு வருடத்தில், 2008 மே மாதம் வெளிவந்தது. 2008 முதல் 2013 வரைக்குமானது. பாதுகாப்பு அமைச்சு தலைமை தாங்கினாலும் கல்வி, நீதி, பொருளாதாரம், உள்நாட்டு, வெளிநாட்டு அமைச்சுக்களும் தனியார் துறையும் மேசையில் இருந்தன. ஐந்து நோக்கங்கள். நாட்டின் முக்கிய கட்டமைப்புகளுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு, சட்டம், சர்வதேச ஒத்துழைப்பு, இவை மூன்றும் எவரும் எதிர்பார்ப்பவை. மற்ற இரண்டு, நிபுணர்களை வளர்ப்பதும் பொதுமக்களின் விழிப்புணர்வும். ஐந்தில் இரண்டு கல்வி!

இது தற்செயல் இல்லை. தாக்குதல் நடந்தபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் யாக் ஆவிக்சோ, ஒரு பௌதிகவியலாளர். பதவியேற்று மூன்று வாரம்தான். இதே மனிதர் 1996இல் கல்வி அமைச்சர். அந்த வருடம் ஜனாதிபதி லென்னார்ட் மெரி அறிவித்த "புலிப் பாய்ச்சல்" திட்டம் இவரும், அப்போது அமெரிக்காவில் தூதுவராக இருந்த இல்வெஸ் என்பவரும் சேர்ந்து உருவாக்கியது. சோவியத்திடமிருந்து விடுபட்டு ஐந்தே வருடமான, கையில் காசில்லாத நாடு பாடசாலைகளுக்குக் கணினியும் இணையமும் கொண்டுபோனது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2007இல் இல்வெஸ் ஜனாதிபதி. பதினோரு வருடம் முந்திப் பாடசாலையில் முதலீடு செய்தவர்கள், அதன் விளைச்சலை நாட்டின் காவலில் கண்டார்கள். பிற்காலத்தில் வங்கி, கம்பனிகளில் வேலை செய்யும் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகச் சேரும் சைபர் காவல் பிரிவொன்றையும் நாட்டின் தொண்டர் படைக்குள் அமைத்தார்கள்.

எம்மிடம் "சைபர் பாதுகாப்பு" என்றதும் பிள்ளைகள் கேட்பது, "சேர், பேஸ்புக்கைப் பூட்டப் போறாங்களா?" என்றுதான். அவர்களில் பிழையில்லை. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் பூட்டியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோதும் பேச்சு முழுக்க யார் என்ன எழுதலாம் என்பதைப் பற்றியே இருந்தது. திகனையில் வதந்தியும் வெறுப்பும் பரவி எரிந்த கடைகள் யாருடையவை என்று எமக்குத் தெரியும். ஆகவே அந்தப் பிரச்சினை சிறியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு வருத்தம், அதற்கு வேறு மருந்து. எஸ்தோனியா 2008இல் எழுதியது மின்சாரம், வங்கி, அரச சேவை நிற்காமல் காப்பதைப் பற்றி.

இன்னொரு சம்பவம். 2017இல் அவர்களது டிஜிட்டல் அடையாள அட்டையின் சில்லில் ஒரு பலவீனம் இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். பாதிக்கப்படக்கூடிய அட்டைகள் ஏழரை இலட்சம் அளவில். உள்ளூராட்சித் தேர்தலுக்குச் சுமார் ஆறு வாரம்தான் இருந்தது. அதில் இணைய வாக்கும் உண்டு. எந்த அரசாங்கமும் மூடி மறைக்க நினைக்கும் நேரம். பிரதமர் சில நாட்களுக்குள் மக்கள் முன் வந்து சொன்னார். தேர்தல் நடந்தது. நவம்பரில் பழைய சான்றிதழ்களை நிறுத்தி, அட்டைகளைப் புதுப்பிக்க வைத்தார்கள். எனக்குத் தெரிந்து இதுதான் அவர்கள் செய்த மிகக் கடினமான காரியம்.

அதே 2017இல் லக்சம்பேர்க்குடன் ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். நாட்டின் முக்கிய பதிவேடுகளின் பிரதி அந்த நாட்டிலுள்ள சேவர்களில் இருக்கும். தூதரகத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு. தரவுத் தூதரகம் என்கிறார்கள். நாளை நாடே கைவிட்டுப் போனாலும் யாருடைய காணி யாருக்கு என்ற கணக்கு அழியாது. ஆக்கிரமிப்பை அனுபவித்தவனுக்குத்தான் இப்படி யோசனை வரும்.

எமது முதலாவது தேசிய உபாயமார்க்கம் 2019 முதல் 2023 வரைக்குமானது. அதன் கடைசி வருடத்தில் லங்கா அரசாங்க கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களோடு போயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்தக் காலத்துக்கு பேக்கப் இருக்கவில்லை. எழுதுவதற்கு எமக்கும் தெரியும். தினமும் இரவில் ஒரு பிரதி எடுத்து, அது உண்மையில் திறக்கிறதா என்று பார்க்கும் ஆள்தான் இல்லை.

2022 ஆகஸ்டில், உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்தபோது, எஸ்தோனியா இன்னொரு சோவியத் நினைவுச் சின்னத்தை அகற்றியது. ரஷ்ய மொழி பேசுவோர் நிறைந்த நார்வா நகரின் பழைய யுத்தத் தாங்கி. மறுநாளே தாக்குதல் வந்தது, 2007க்குப் பின் வந்தவற்றில் மிகப் பெரிது. இந்தமுறை வங்கிகள் மூடவில்லை. ஓரிரு தளங்கள் சற்றுநேரம் தடுமாறியதோடு சரி. நாட்டில் பெரும்பாலானோர் அப்படியொன்று நடந்ததைக் கவனிக்கவே இல்லை.