கோத்தர் பறையும் டெசிபலும்

நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள் கொல்லர், குயவர் வேலைகளோடு இசைத்தொழிலும் செய்தவர்கள். அண்டைச் சமூகத்தாரான தோடர், படகர் வீட்டு இழவுக்கு அவர்களுடைய குழலும் பறையும் வளைந்த பித்தளைக் கொம்பும் ஒலிப்பது பழைய வழக்கம். 20-ஆம் நூற்றாண்டில் படகரில் சீர்திருத்தம் நாடியோர் அதை விலக்கத் தொடங்கினர். அந்த வாத்தியங்கள் உரக்க ஒலித்தது வெறும் ஆரவாரத்துக்காக அல்ல என்பதே என் வாதம். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபல் இருந்தால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய 40 தான் மிஞ்சும். அதிலும் கீச்சொலியைக் காற்றே உறிஞ்சிவிடும். பறையின் தாழ்ந்த அதிர்வு அதைவிடத் தொலைவு போகும். பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள ஹட்டிக்கும் (படகர் ஊருக்கும்) கேட்க வேண்டுமென்றால் ஓங்கி அடித்தே ஆக வேண்டும்.

எந்த நோக்கமானாலும் மிகுந்த ஒலி காதைக் கெடுக்காதா என்று கேட்கலாம். கெடுக்கும், செவி நரம்புக்குச் சடங்கும் தெரியாது, சாதியும் தெரியாது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியதும் நியாயமே. ஆனால் ஒலிமானி சொல்வது அளவை மட்டும். ஊட்டி சாலையில் வளைவுதோறும் அலறும் ஏர்ஹாரனும் இழவுப் பறையும் அதில் ஒரே எண்ணைக் காட்டலாம். எது இரைச்சல் என்ற தீர்ப்பைக் கேட்பவரின் சமூக நிலையும் காலமும் சேர்ந்தே எழுதுகின்றன. படகர் சீர்திருத்தக்காரர்கள் கோத்தர் இசையை விலக்கியபோது அவர்கள் கையில் எந்த மானியும் இருக்கவில்லை.