பலாலிக்கு வரேக்க வலப்பக்கம் இருங்கோ

சென்னையில இருந்து பலாலிக்கு ரிக்கற் போடுற ஆக்கள் கேக்கிற கேள்வி ஒண்டு: எந்தப் பக்க யன்னல் நல்லம்? வலப்பக்கம், எஃப் இருக்கை. திரும்பிப் போகேக்க ஏ. வரைபடத்தை எடுத்துப் பாருங்கோ, சென்னைக்கு நேர் தெற்கே கிட்டத்தட்ட 360 கிலோமீற்றரில பலாலி. இடப்பக்கம் இருந்தால் வங்காள விரிகுடா மட்டும்தான். வலப்பக்கம் இருந்தால் புதுச்சேரி, நாகப்பட்டினம், கோடியக்கரை எண்டு தமிழ்நாட்டுக் கரை கூடவே வரும். இந்தப் பாதையில ஓடுற ஏ.ரி.ஆர் விமானத்துக்கு இறக்கை யன்னலுக்கு மேலால போகிறது, அதால கீழே பார்க்க மறைப்பு குறைவு. பின்வரிசை இன்னும் திறம்.

இந்தக் காட்சி புதிசில்லை. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில பிரித்தானிய விமானப்படை போட்டது. எயார் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் (அதாவது பலாலியில்) இறங்கி, சென்னைக்குப் போனது. 'சீதாதேவி' என்ற டக்கோட்டா. இந்தியா விடுதலை பெற்று நாலு மாதம்கூட இல்லை, இலங்கைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு நாட்டின் விமான சேவை தன் முதல் நாளிலேயே யாழ்ப்பாணத்தைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது. இப்ப நினைக்க நம்பக் கஷ்டமாத்தான் இருக்கு. டக்கோட்டா இன்றைய விமானங்களைவிடத் தாழவே பறக்கும். இறக்கை கீழே இருந்ததால நடுவில இருந்த ஆக்களுக்குப் பாதி மறைஞ்சிருக்கும். மற்றவர்கள் பாக்குநீரிணையை வடிவாப் பார்த்திருப்பார்கள். அதில எல்லைக்கோடு போட்ட ஒப்பந்தம் வந்தது 1974 இல.

பிறகு போர். இந்தியாவுக்கான விமானம் நின்றது. 1990 இல் பலாலியைச் சுற்றின சனம் வெளிக்கிட்டுது, வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமாச்சுது. மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைக்க 27 வருசம் எடுத்தது, 2017 வரைக்கும். 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையம் எண்டு திறந்து, நவம்பரில் சென்னை விமானம் வந்தது. அடுத்த மார்ச்சில் கொரோனா அதை நிறுத்த, 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது.

அதனால கடைசி ஐந்து நிமிசத்தைத் தவற விடாதேங்கோ. விமானம் காத்துக்கு எதிராத்தான் இறங்கும். ஓடுதளம் தென்மேற்கு வடகிழக்காக் கிடக்கிறது. சோளகம் வீசுற காலத்தில வடகிழக்கால, கடல் பக்கத்தால வந்து இறங்கினால் எஃப் இருக்கைக்கு மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கம் தெரியும். வாடைக் காலத்தில மற்றப் பக்கத்தால வந்தால் அதே யன்னலில் வசாவிளான். செம்மண் தோட்டங்கள் கட்டம் கட்டமா வரும், இடையில திடீரெண்டு பத்தை. அந்தப் பத்தைகள் காடு இல்லை. ஆக்களின்ர வளவுகள். காணிகள் எல்லாம் இன்னும் விடுபடவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த வசாவிளான் - பலாலி வீதியில்கூட வாகனத்தை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது எண்டு திறக்கேக்க நிபந்தனை இருந்தது. றோட்டால போற ஆளைவிட இருக்கைக்குக் காசு கட்டின ஆளுக்குக் கூடத் தெரிகிறது.

பெரியம்மா 1990 இல வசாவிளானால வெளிக்கிட்டவ. போன மார்கழி சென்னையில வைத்தியம் முடிச்சு வரேக்க நான்தான் அவவை யன்னலோரம் இருத்தினேன். இறங்கத் தொடங்கின நேரம் நெத்தியைக் கண்ணாடியோட வைச்சுக்கொண்டு இருந்தா.

"கிணத்தடியில ரெண்டு பனை நிண்டது பிள்ளை, ஒண்டையும் காணேல்லை."

எந்தப் பக்கம் எண்டு நான் எட்டிப் பார்க்கிறதுக்குள்ள சில்லு நிலத்தில முட்டீட்டுது.