காரைக்கால் சாமியாரும் சம்பா கோவில் சுவரும்

காரைக்காலின் கத்தோலிக்க வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்றைக் கையில் எடுப்பார்கள். முதலாவது பிரெஞ்சுக் கதை. தஞ்சை மராத்திய அரசர் தருவதாக ஒப்பி இழுத்தடித்த ஊரை 1739இல் சந்தா சாகிபின் படை பிடித்துக் கொடுத்தது. கொடியோடு கோவிலும் வந்தது. 1954 நவம்பர் 1இல் கொடி இறங்கியது, கோவில் தங்கிவிட்டது. இரண்டாவது மண்ணின் கதை. கொடியேற்றம், நவநாள், சப்பரம், மேளம், தேர்பவனி, வாணவேடிக்கை என்று காவிரிப் படுகையின் திருவிழா முறை அத்தனையையும் எடுத்துக்கொண்ட மாதா கோவில், ஐரோப்பியச் சரக்காக இல்லாமல் ஊரின் சொத்தாகிவிட்டது என்பது அதன் சாரம். இரண்டில் பின்னதுதான் உண்மைக்கு அருகில் நிற்கிறது. ஆனால் அதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். தேரும் தாலியும் மேளமும் எந்த வாசல் வழியாகக் கோவிலுக்குள் வந்தனவோ, அதே வாசல் வழியாகத்தான் சாதியும் வந்தது. அதுவும் 'ஊர் வழக்கம்' என்ற அதே பெயரில் வந்தது. முன்னதைப் பண்பாடு என்று மெச்சிவிட்டுப் பின்னதை யாரோ சிலரின் குறை என்று ஒதுக்கினால் அது வரலாறாகாது.

முதலில் வழக்கத்தின் வலிமையைப் பார்க்க வேண்டும். காரைக்காலிலிருந்து தெற்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் போனால் வேளாங்கண்ணி. இடையில் நாகூர். காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியில் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. வீதி உலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். நாகூர் தர்காவில் கந்தூரிக்குக் கொடியேறும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் இறங்கும். அதற்கு வடக்கிலிருந்து காவி உடுத்தி நடந்து வருகிற கூட்டம் காரைக்கால் வழியாகத்தான் போகிறது. கொடி, வேண்டுதல், முடியிறக்குதல், உலா: சாமி யாராக இருந்தாலும் இந்தக் கரையில் திருவிழாவின் இலக்கணம் ஒன்றே. இதை யாரும் மேலிருந்து திட்டமிட்டுத் தரவில்லை. கும்பிடப் போகிறவர்களே உண்டாக்கி, கும்பிடப் போகிறவர்களே காத்து வந்த ஒழுங்கு இது. பிரெஞ்சு ஆட்சி அதைத் தந்திருக்கவும் முடியாது, தடுத்திருக்கவும் முடியாது.

தடுக்க முயன்றது ரோமாபுரி. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, ஊர் வழக்கங்கள் சமூகத்துக்குரியவை, மதத்துக்குரியவை அல்ல என்று வாதிட்டுப் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் அனுமதித்தார். அவர் வகுத்த பாதையில் ஐயர் வேடத்துத் துறவிகள் மேல்சாதியாருக்கும், 1640 முதல் பண்டாரசாமிகள் கீழ்சாதியாருக்கும் என்று ஆனது. பாப்பரசரின் தூதராக வந்த தெ தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் பதினாறு கூறுகள் கொண்ட ஓர் ஆணையை இட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, கலியாணத்தில் தேங்காய் உடைக்கும் சடங்கு கூடாது, கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோவிலில் வாசிக்கக் கூடாது, திருநீறு கூடாது. இவற்றோடு அதே பட்டியலில், ஒரே மையில், இன்னொரு கூறும் உண்டு: சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் குரு நேரில் போய் அவஸ்தை பூசுதல் கொடுக்க வேண்டும். சேரிக்குள் காலெடுத்து வைத்தால் மேல்சாதியார் தங்களை அண்ட மாட்டார்கள் என்று சேசு சபையார் அஞ்சி ஒதுங்கியிருந்ததால்தான் அந்தக் கூறு தேவைப்பட்டது. தேங்காயும் சேரிக்குடிசையும் ஒரே ஆணையில் வருவது தற்செயல் இல்லை. இரண்டையும் 'வழக்கம்' என்ற ஒரே மூட்டையாகக் கட்டியவர்கள் மிஷனரிகள். ரோமாபுரி மூட்டையை அப்படியே பிரித்துப் பார்த்தது. நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பிறகு 1744 செப்டம்பரில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தமது ஆணையால் சச்சரவை முடித்து வைத்தார். சடங்குகளுக்கான தடை உறுதியானது. பறையர் விஷயத்தில் மட்டும் ஒரு சமரசம்: அவர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை நியமித்துக்கொள்ளலாம் என்ற சேசு சபையாரின் யோசனையைப் பாப்பரசர் ஏற்றார். ஆக, தேங்காய் முழுத் தடை பெற்றது; பிரிவினை ஒரு நிர்வாக ஏற்பாடாக அங்கீகாரம் பெற்றது.

அடுத்த ஆண்டே, 1745 அக்டோபரில், காரைக்கால் இந்தக் கதைக்குள் நுழைகிறது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கும் நிகழ்ச்சி அது. புதுச்சேரியில் சேசு சபையாரின் தேவாலயமான சம்பா கோவிலின் உட்புறத்தில் வடபக்கமாக ஒரு சுவர். அந்தப் பக்கம் பறையர், இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள். காரியமாகப் புதுச்சேரிக்கு வந்திருந்த காரைக்கால் சாமியார் சுவரைப் பார்த்துவிட்டு, பறையர்களைப் பெரிய சாமியாரிடம் போய்க் கேட்கும்படி தூண்டிவிடுகிறார். அவர்களும் போகிறார்கள். நாங்கள் உமக்குச் சீடர்களென்றால், கடவுள் முன்னால் எல்லாரும் ஒன்றென்றால், இந்தச் சுவர் எதற்கு என்பது அவர்கள் கேட்டதன் சுருக்கம். பெரிய சாமியாருக்குப் பதில் இல்லை. சுவர் இடிக்கப்படுகிறது, எல்லாரும் கலந்து உட்காரும்படி உத்தரவாகிறது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதிக்கிறார்கள். அதே சமயத்தில், மெல்லிய சேலையும் நகையுமாக வந்த செல்வக் குடும்பத்துப் பெண்ணொருத்தியைப் பூசையில் சாமியார் ஏசியது நெருப்பில் எண்ணெய் வார்க்கிறது. விவகாரம் ஆளுநர் துய்ப்ளே வரை போகிறது.

இந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பது நியாயம். ஆனந்தரங்கப் பிள்ளை வைணவர். அப்போது பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் கத்தோலிக்கர், அந்தப் பதவிக்கே கண் வைத்திருந்தவர் பிள்ளை. கிறிஸ்தவர் வீட்டுச் சண்டையைச் சுவைத்து எழுத அவருக்குக் காரணம் உண்டு. ஆனால் பறையரின் வாதத்துக்கு ஏற்றம் கொடுக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. சாதி ஒழுங்கில் அழுத்தமான நம்பிக்கை உள்ளவர். அப்படிப்பட்டவரின் பேனாவே அந்தக் கேள்வியை மழுங்கடிக்காமல் எழுதி வைத்திருக்கிறதென்றால் அது உண்மையிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு மறுப்பும் வரும்: இடிந்த சுவர் புதுச்சேரியில், காரைக்காலுக்கு இதில் என்ன பெருமை? பெருமை தேடி இதை எழுதவில்லை. பிரெஞ்சுக் கொடி ஏறி ஆறே ஆண்டு ஆன ஊரிலிருந்து வந்தவர், தலைநகரில் பழகிப்போன கண்களுக்குத் தெரியாத சுவரைக் கண்டார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. துபாஷிகளும் முதலியார்களும் தாங்கி நின்ற சபையில் அவர்களுடைய வழக்கம் சபையின் வழக்கமாகியிருந்தது. அந்த உறவுக்கு வெளியே நின்றவருக்குச் சுவர் வெறும் சுவராகத் தெரிந்தது என்று நான் ஊகிக்கிறேன். அவரை வீரராக்கவும் வேண்டாம். மூன்றே ஆண்டில், 1748இல், ஆங்கிலேயர் முற்றுகையின் நடுவே அதே கோவிலுக்குப் பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோவில் சேசு சபையாரின் வற்புறுத்தலால் இடிக்கப்பட்டது. அதையும் பிள்ளை நெஞ்சு கொதித்து எழுதியிருக்கிறார். உள்சுவரை இடித்தவர்களின் கையே அடுத்த மனைக் கோவிலையும் இடித்தது.

பிறகு நடந்தது ரோமாபுரியின் கணக்குக்கு நேர்மாறு. தடை செய்யப்பட்டவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தாலி பிள்ளையாரை இறக்கிச் சிலுவையையோ புறாவையோ ஏற்றிக்கொண்டு கழுத்தில் தங்கியது. மேளம் மாதாவுக்கு முன்னால் முழங்கியது. தேர் இல்லாத பங்கே டெல்டாவில் இல்லை என்னுமளவுக்கு வளர்ந்தது. காரைக்கால் தேற்றரவு அன்னை ஆலயத் தேர்பவனி இன்று ஊரின் திருவிழா நாட்காட்டியில் ஒன்று. 'மலபார்ச் சடங்குகள்' என்று பெயர்பெற்ற இந்த வழக்கங்களுக்கு எதிராக மிஷனரிகள் எடுத்துவந்த சத்தியம் 1940இல் ரோமாபுரியாலேயே கைவிடப்பட்டது. சமரசத்தோடு விட்டுவைக்கப்பட்ட பிரிவினையோ செங்கல்லாக எழுந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய திருக்குடும்ப ஆலயம் இரண்டு சாதியாருக்கு இரண்டு கைகளாக விரிந்து நின்று 'கால்சட்டைக் கோவில்' என்று பெயர் வாங்கியது. அங்கே இருந்த தடுப்பு 1910இல்தான் அகன்றது, சம்பா கோவில் சுவர் இடிந்து 165 ஆண்டுகளுக்குப் பிறகு. காரைக்கால் எந்தப் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் இருக்கிறதோ அதே மறைமாவட்டத்தின் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் மற்றவருக்கும் 2008 மார்ச்சில் மூண்ட மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்களைக் கொண்டுபோனது. மாதாவின் தேர் எந்தத் தெருவில் போகும் என்ற கேள்வியைக் கேட்காமல், தேர் தமிழ்ப் பண்பாடா இந்துச் சாயலா என்று பட்டிமன்றம் நடத்துவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பிரெஞ்சுச் சட்டம் சமத்துவம் கொண்டுவந்ததே என்பார்கள். சம்பா கோவிலில் பறையர் கேள்வி கேட்டது 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கு நாற்பத்து நான்கு ஆண்டு முன்பு. சமத்துவத்தைப் பாரீசிலிருந்து கடன் வாங்கியவர்கள் அவர்கள் அல்லர். சட்டம் தன் பங்குக்கு ஒன்று செய்தது, மறுக்கவில்லை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கத்தை ஒட்டிய சொந்தச் சட்டத்தைத் துறந்துவிட்டு, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்றானது. காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனதற்காக 1873இல் தடுக்கப்பட்டு, வழக்காடி வென்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை இந்த இயக்கத்தின் முன்னோடி. துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும் தலித்துகளும் மிகுதி. பெயருக்குப் பின்னால் இருந்த சாதி உதிர்ந்து அங்கே ஒரு பிரெஞ்சுப் பெயர் உட்கார்ந்தது. பின்னாளில் சைகோன் வேலைக்கும் பிரெஞ்சு ஓய்வூதியத்துக்கும் அது கதவு திறந்ததும் உண்மை. ஆனால் பதிவேட்டில் சாதி போனது; கல்லறையிலும் கலியாணத்திலும் அது அசையவில்லை. அரசு தந்த பெயரை வைத்துக்கொண்டு கோவிலில் எங்கே உட்காருவது என்பதை எந்தக் குடிமைச் சட்டமும் சொல்லவில்லை.

அப்படியானால் திருவிழாவையும் சாதியையும் பிரிக்கவே முடியாதா? இது என் வாதத்துக்கே எதிரான கூர்மையான கேள்வி. பதில் கடலுக்கு அப்பால் கிடைக்கிறது. பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853இல் ஒரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியது. 1880களின் இறுதி வரை புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஆள் ஏற்றுவது நடந்தது. மார்த்தினிக்குக்கு ஏறக்குறைய 25,000 பேர், குவாதலூப்புக்கு 42,000 பேர். அங்கே பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார்கள். மாரியம்மனையும் விடவில்லை, 'மரியெமென்' என்ற பெயரில் அவளைத் தேவமாதாவோடு சேர்த்தே கும்பிட்டார்கள். மதுரைவீரன் 'மால்தெவிடான்' ஆகிக் குதிரையேறினான். காரைக்காலுக்குப் பக்கத்து நாகூரின் ஆண்டவர் 'நாகூர்மீரா'வாக வந்து, கம்பம் நட்டுக் கொடியேற்றும் வழிபாடானார். குருக்கள் இதை முகம் சுளித்துப் பார்த்தார்கள், வழிபாடு நிற்கவில்லை. நிற்காமல் போனது இது, மெல்லக் கரைந்துபோனது சாதி. ஒரே கப்பல் தளத்தில் ஒரே பானைச் சோறு, ஒரே தோட்டக் கொட்டடி, தெருவென்று பிரிக்க ஊரே இல்லாத இடம். கொடியேற்றமும் மேளமும் சாமியாட்டமும் மூன்று தலைமுறை தாண்டியும் தங்கின. கூடவே கப்பலேறிய தீட்டுக்கு அங்கே பிடிமானம் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே வாசலில் நுழைந்தாலும் ஒன்றில்லாமல் மற்றது வாழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வழக்கத்தைத் தாங்கியது பக்தி. சாதியைத் தாங்கியது நிலமும் தெருவும்.

முடிந்துபோன சங்கதியை ஏன் கிளற வேண்டும் என்று பக்தர்கள் சிலர் வருந்தலாம். முடிந்துவிட்டதாக ஆயர்களே சொல்லவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அரசாங்கத்தின் நிலையோ வேறு. பிரெஞ்சுப் பகுதிகள் 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பின், 1964இல் புதுச்சேரிக்கென்று வந்த பட்டியல் சாதிகள் ஆணை, 1950ஆம் ஆண்டின் ஆணையைப் போலவே கிறிஸ்தவர்களை வெளியே நிறுத்தியது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் நியாயம். இருக்கக் கூடாது என்று 1745இல் காரைக்கால் சாமியாரும் சம்பா கோவில் பறையர்களும் வாதாடியதை, அது நிறைவேறிவிட்டதாகவே எடுத்துக்கொண்டு அரசு சட்டம் எழுதியிருக்கிறது. அந்தக் கணக்குப் பிழைக்கு விலை கொடுப்பவர்கள், தேர்பவனியில் வடம் பிடிக்கவும் பட்டியலில் இடம் பிடிக்கவும் ஒருசேர வழக்காடிக்கொண்டிருக்கும் தலித் கத்தோலிக்கர்கள்.