மறுபகிர்வு (கட்டற்ற மென்பொருள் உரிமங்கள்)

மறுபகிர்வு என்பது, தாம் பெற்ற மென்பொருளின் படியைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமையையும், கொடுக்கும்போது நிறைவேற்ற வேண்டிய கடமையையும் சேர்த்துக் குறிக்கும். தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற சான்று, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. சிவகங்கை மாவட்டத்தின் தேவகோட்டை உட்பட மாநிலமெங்கும் அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகளில் அவை வழங்கப்பட்டன. கடமை நிரலை எழுதியவரோடு முடிந்துவிடுவதில்லை, படியைக் கைமாற்றும் ஒவ்வொருவரையும் பற்றுகிறது என்பதை இத்திட்டம் தெளிவாகக் காட்டுகிறது.

உரிமங்கள் இரு பெரும் குடும்பங்களாகப் பிரியும். பெர்க்கிலி, எம்ஐடி, அப்பாச்சி வகை உரிமங்கள் முக்கியமாகக் கேட்பது, பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் படியோடு செல்ல வேண்டும் என்பதே. அவற்றைக் கொண்டு மூடிய மென்பொருளும் செய்யலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட ஜிபிஎல் (குனு பொதுமக்கள் உரிமம்) அதற்கு இடம் தரவில்லை. பெறுபவருக்கு மூல நிரலும் கிடைக்க வேண்டும், மாற்றி எழுதியதும் அதே உரிமத்தில் வெளிவர வேண்டும். அதன் இரண்டாம் பதிப்பு 1991-இலும் மூன்றாம் பதிப்பு 2007-இலும் வந்தன. இவற்றுக்கு இடைப்பட்டது மொசில்லா உரிமம். அதன் கடமை கோப்பளவில் நிற்கும். சென்னை சிடாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸில் இவ்வகைகள் பலவும் கலந்துள்ளன. ஆகவே கடமையைப் பொதி பொதியாகத்தான் பார்க்க வேண்டும். பாஸின் கருவான லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் உள்ளது. அப்பதிப்பின் மூன்றாம் பிரிவு மூன்று வழிகளைத் தருகிறது: மூல நிரலை உடன் கொடுப்பது, கேட்கும் எவருக்கும் அதைத் தருவதாகக் குறைந்தது மூன்றாண்டு செல்லும் எழுத்துறுதி அளிப்பது, தாம் பெற்ற எழுத்துறுதியை அப்படியே கடத்துவது.

கடைசி வழி வணிக நோக்கற்ற பகிர்வுக்கு மட்டுமே உரியது. எனவே கணினியை அரசுக்கு விற்ற நிறுவனம் முதலிரண்டில் ஒன்றை ஏற்றாக வேண்டும். மாணவருக்கு இலவசமாக வழங்கும் அரசும், நண்பருக்குப் படியெடுத்துத் தரும் மாணவரும் மூன்றாம் வழியில் செல்லலாம். ஆனால் கடத்துவதற்கு எழுத்துறுதி முதலில் அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். விற்பவர் விட்டுவிட்டால், நல்லெண்ணத்தோடு பகிரும் மாணவருக்கும் அந்த வழி அடைபடும். டெபியனின் மூல நிரல் இணையத்தில் கிடைக்கிறதே என்பர். இரண்டாம் பதிப்பு இணையப் பதிவிறக்கத்தை ஏற்பது, இயங்கு வடிவமும் அதே இடத்தில் பதிவிறக்கமாகத் தரப்படும்போதுதான். வன்தட்டில் ஏற்றி விற்ற படிக்கு அந்தச் சலுகை பொருந்தாது. பள்ளி மாணவர் எவர் மூல நிரலைக் கேட்கப்போகிறார் என்பதும் வலுவற்ற வாதம். எழுத்துறுதி கேட்பவரின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. கற்க விரும்பும் ஒரே ஒரு மாணவருக்கும் அது கதவைத் திறந்துவைக்கிறது. இந்த நிபந்தனைகள் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற ஐயத்துக்கு விடையாக, 2004-இல் மியூனிக் நீதிமன்றம், நெட்ஃபில்டர் நிரலாளர் ஹரால்ட் வெல்ட் தொடுத்த வழக்கில் ஜிபிஎல் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் நிலை வேறன்று: 1984 திருத்தத்துக்குப் பின் கணினி நிரல் பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுவதால், படியெடுத்து வழங்குவதற்கு உரிமமே அனுமதி. அதன் நிபந்தனையை மீறியவரிடம் அந்த அனுமதி இல்லை.

பாஸின் புதிய பதிப்புகள் தொடர்ந்து வருகின்றன. கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பு உரிமத்திலேயே உள்ளது.